தனி அடுப்பு, தனி வரி

ஆமா அண்ணாச்சி, அந்த ஆனைவிளைதான். சிரிக்காதீரும். பஸ்ல யாருகிட்ட ஊர்ப்பேரைச் சொன்னாலும் இப்பிடித்தான், மொதல்ல ஒரு சிரிப்பு, பொறவு "அந்த அடுப்பு ஊரா?"ன்னு ஒரு கேள்வி. ஜன்னல் பக்கமா கொஞ்சம் தள்ளி உக்காரும், நான் சொல்லுதேன். வெளியில நடமாடுத கதையில பாதி பொய். எவனோ எங்க ஊர்ப் பொம்பளைங்க ஆம்பளைங்களை உலக்கையால அடிச்சாங்கன்னு கெளப்பி விட்டிருக்கான். அடி கிடி ஒண்ணும் கிடையாது. அடிச்சிருந்தாலாவது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம்.

நான் லிங்கத்துரை. ஊர்க் கமிட்டிச் செயலாளர். செயலாளரா இருந்தேன், அதைப் பொறவு சொல்லுதேன். தங்கபுஷ்பம்னு ஒருத்தியைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீரே, சாராயத்தை நிறுத்துனவ, பொம்பளைங்களுக்கு ஊர்க்கூட்டத்துல கை வாங்கிக் குடுத்தவன்னு ஊர் ஊராக் கூப்பிட்டு மாலை போடுதாங்களே, அவ என் வீட்டுக்காரி. எட்டாங்கிளாஸ் படிச்சவ. அவளுக்கு இம்புட்டுப் புத்தி எங்கேருந்து வந்துதுன்னு நெனைக்கீரு? எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான். ஆனா மேடையில எவனாவது அதைச் சொல்லுதானா? கிடையாது.

வெளியூர்க்காரருக்கு இது புரியணும்னா மொதல்ல வரியைச் சொல்லணும். எங்க ஊர்ல அம்மன் கோயில் கொடைக்கு, அதான் திருவிழாவுக்கு, தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணம் முடிச்சுக் குடும்பம் நடத்துத ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு. வரி குடுத்தவன் கோயில் முன்னால கூட்டத்துல உக்காரலாம், பேசலாம், கை தூக்கலாம். புருசன் செத்தவளுக்கு அரை வரி. வரி உண்டு, கை கிடையாது. புருசன் இருக்கவளுக்கு ரெண்டும் கிடையாது, தூரமா நின்னு கேட்டுக்கிடலாம். தங்கபுஷ்பம் ஒரு நாள் கேட்டா, அரை வரி வாங்குதீங்களே, அப்போ அரைக் கையாவது தூக்க விடணும்லான்னு. நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். கூட்டத்துலயும் போய்ச் சொன்னேன். எங்க ஊர்த்தலைவர் சுயம்புலிங்கம் சிரிச்ச சிரிப்புல பல்செட்டு கழண்டு மடியில விழுந்துட்டு. நல்ல மனுசன், பாவம், பெண்டாட்டி செத்ததுலேருந்து அவருக்குச் சிரிப்பே கம்மி.

கொடைன்னா செலவு உண்டும்லா. அதனால வருசா வருசம் கோயில் புளியமரத்தை ஏலம் விடுவோம், குளத்து மீனை ஏலம் விடுவோம், ஊருக்குள்ள சரக்கு விக்கிற உரிமையையும் ஏலம் விடுவோம். எடுத்தவன் டவுன் கடையிலேருந்து பாட்டிலா வாங்கிட்டு வந்து, பள்ளிக்கூடம் போற பாதையில ஒரு ஓலைக் கொட்டகை போட்டு விப்பான். சட்டப்படி தப்புதான். அம்மனுக்குப் போற பணம், அதனால பாதித் தப்பு கழிஞ்சுரும்னு வச்சுக்கிட்டோம். எனக்கு அதுல ஒரு லாபமும் இல்ல. நான் குடிகாரன் கிடையாது, அண்ணாச்சி. சாயங்காலம் உடம்பு வலிக்கு ஒரு குவார்ட்டர். வலி கூடுன அன்னைக்கு ரெண்டு. எனக்குக் கொஞ்சம் அடிக்கடி கூடும்.

போன தை மாசம் எம்பொண்ணு இந்துமதிக்கு நிச்சயதார்த்தம். அருமையான இடம். அன்னைக்குப் பாத்து எனக்கு லேசா ஒரு தலைச்சுத்தல். சந்தோசத்துல வந்தது, வேற ஒண்ணும் இல்ல. பையனோட அம்மாவைக் கும்பிடணும்னு வேகமாப் போனேன், போன வேகத்துல நிக்க முடியாமத் தாம்பாளத்து மேலேயே விழுந்துட்டேன். வெத்தலை, பழம், பூ அம்புட்டும் அந்த அம்மா மடியில. சரி, விழுந்தாச்சு, சபை கலகலப்பா இருக்கட்டும்னு எந்திரிச்சு ஒரு ஆட்டமும் போட்டேன். அதுக்குப் போய்க் கோவிச்சுக்கிட்டுக் காரை எடுத்துட்டாங்க. மனுசன்னா கொஞ்சம் பெருந்தன்மை வேண்டாமா? இந்துமதி மட்டும் மணையை விட்டு எந்திரிக்கவே இல்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு அப்பிடியே இருந்தா. தங்கபுஷ்பம் எங்கிட்ட ஒரு வார்த்தை சண்டை போடல. இருபத்தஞ்சு வருசத்துல அவ சண்டை போடாம இருந்து நான் பாத்ததே இல்ல. அன்னைக்கு ராத்திரி நான் திண்ணையிலயே படுத்துக்கிட்டேன்.

அந்தானிக்கு, அன்னையிலேருந்தே, ஆரம்பிச்சா பாரும். வர்ற கொடைக்குச் சரக்கு ஏலம் விடப்படாது, கொட்டகையைப் பிரிக்கணும். இவ்வளவுதான் அவளுக்கு வேணும். மகளிர் குழுப் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு ஆபீஸ் ஆபீசா ஏறுனா. ஒரு அதிகாரி எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, எங்க கணக்குல உங்க ஊர்ல கடையே இல்லையேம்மா, இல்லாத கடையை எப்பிடி மூடுததுன்னுட்டாராம். வந்து சொன்னா. சரியாத்தானே சொல்லியிருக்காரு, ஏலம் விடுதது ஊர்க்கூட்டம், நிறுத்தணும்னா ஊர்க்கூட்டம்தான் நிறுத்தணும், அதுக்குக் கை வேணும், உனக்குத்தான் கை கிடையாதேன்னு நான் எடுத்துச் சொன்னேன். பாத்தீரா, வழியைக் காட்டுனது யாரு? நானு.

இந்த எடத்துல என் தம்பி ஜெயக்கொடியைப் பத்திச் சொல்லணும். அப்பா கட்டுன வீட்டுல முன்பாதி எனக்கு, பின்பாதி அவனுக்கு. அவன் கல்யாணம் முடிஞ்சு தனியாப் பொங்கித் தின்ன ஆரம்பிச்சுட்டான். ஆனா வரின்னு வந்தா, ஒரே கூரை, ஒரே வாசல், நாங்க ஒரே தலைக்கட்டுதான்னு நழுவுவான். நான் விடுவேனா? கூட்டத்துல எந்திரிச்சு ஒரு தீர்மானம் கொண்டு வந்தேன். ஒரே கூரையா இருந்தாலும், ஒரே வாசலா இருந்தாலும், தனி அடுப்பு எரிஞ்சா தனி வரி. யாரு என்னன்னு கேக்கப்படாது. "ஆளைப் பாக்காதீங்க, அடுப்பைப் பாருங்க"ன்னு அடிச்சுப் பேசுனேன். ஊரே கை தட்டிட்டு. தம்பி மூஞ்சி செத்துப் போச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம் இருக்கே, ரெண்டு குவார்ட்டர். தூரமா நின்னு தங்கபுஷ்பமும் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கா.

கொடைக்கு நாள் குறிச்ச மறுநாள் காலையில முழிக்கேன், புறவாசல்ல புகை. போய்ப் பாத்தா மூணு கல்லைக் கூட்டி வச்சு இவ ஒத்தைக்குக் கஞ்சி காய்ச்சுதா. ஏதோ நேர்த்திக்கடன் போலுக்குன்னு நெனைச்சேன். அடுக்களைக்குள்ள போனா அடுப்பு ஜில்லுன்னு கெடக்கு. எனக்கு எங்கேன்னு கேட்டேன். அது உங்க அடுப்பு, இது எங்க அடுப்பு, எனக்கும் இந்துமதிக்கும் இதுல, உங்களுக்கு நீங்க மூட்டிக்கிடுங்கன்னா. கோவமாச் சொன்னா நானும் கோவப்படலாம். சிரிச்சுக்கிட்டே சொல்லுதா.

ரோசத்துல நானே பொங்குனேன். அரிசி களையணும்னு எவனுக்குத் தெரியும்? தண்ணி எம்புட்டுன்னு தெரியல. ஊத்துனேன், வத்திட்டு, ஊத்துனேன், பொங்கி அடுப்பை அணைச்சுட்டு. கடைசியில வந்தது சோறுமில்ல, கஞ்சியுமில்ல, சுவரொட்டி ஒட்டலாம். டீக்கடைக்கு நடந்தேன். அங்க அஞ்சாறு பேரு உக்காந்திருக்கான். எல்லாரு மூஞ்சியிலயும் கரி. என்ன சாப்பாடு ஆச்சான்னு ஒருத்தனை ஒருத்தன் கேட்டுக்கிடுதான். ஒருத்தன் இட்லிங்கான், ஒருத்தன் ஆப்பமும் கறியுங்கான், நான் இடியாப்பம்னேன். இடியாப்பம் தின்னவன், ஆப்பம் தின்னவன் எல்லாரும் சேந்து கடையில இருந்த பன்னைப் பூராவும் தின்னு தீத்தோம். அவனவனும் அவன் வீட்டுல மட்டும்தான் இந்தக் கூத்துன்னு நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கான். திரும்பி வரும்போதுதான் பாத்தேன், தெருவுல ஒவ்வொரு வீட்டுப் புறவாசல்லயும் புகை. ஜெயக்கொடி வீட்டுலயும். அந்தப் பயலைப் பாத்து மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

சரி, பொம்பளைக் கோவம், நாலு நாள்ல வடிஞ்சுரும்னு எல்லாரும் இருந்தோம். தலைக்கட்டு எண்ணுத நாளும் வந்துட்டு. கொடைக்கு முன்ன தலைவரும் செயலாளரும் வீடு வீடாப் போய் எண்ணணும், அது எங்க ஊர் வழக்கம். அடுப்புப் பக்கத்துல கையை வச்சுப் பாத்து, சூடு இருந்தாத்தான் வரி எழுதணும். அதுவும் தம்பி பொய் சொல்லப்படாதுன்னு நான் வச்சதுதான். போற வீட்டுலயெல்லாம் ரெண்டு அடுப்பு. ரெண்டும் சூடு. பொம்பளைங்க வரிப் பணத்தை முந்தானையில முடிஞ்சு தயாரா வச்சிருக்காங்க. நாங்க கேக்க முந்தியே நீட்டுதாங்க. அரை வரிக்காரங்களும் ஒருத்தி பாக்கியில்லாம நீட்டுதாங்க. சுயம்புலிங்கத்துக்குக் கண்ணு ரெண்டும் பளபளன்னு ஆயிட்டு. வரி இரட்டிப்புலா! இந்த வருசம் ரெண்டு வில்லுப்பாட்டு வைக்கலாம், சீரியல் லைட்டைக் குளத்தைச் சுத்திப் போடலாம்னு வழி நெடுகப் பேசிக்கிட்டே வாராரு.

என் வீட்டுக்கு வந்தோம். நான் வாசல்லயே தலைவரை நிறுத்தி, இது சரியில்ல, பெண்டாட்டி அடுப்பு புருசன் அடுப்புதான், ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னேன். தங்கபுஷ்பம் புறவாசல்லேருந்து வந்து கையைத் துடைச்சுக்கிட்டு நின்னா.

"அன்னைக்கு உங்க தம்பியும் இதைத்தான் சொன்னாரு. நீங்கதான், ஆளைப் பாக்காதீங்க, அடுப்பைப் பாருங்கன்னீங்க."

பின்பாதியிலேருந்து ஜெயக்கொடி சிரிச்ச சத்தம் கேட்டுது. பட்டினி கெடந்த பய, அப்பிடி ஒரு சிரிப்பு. தலைவர் புறவாசலுக்கே போய்க் குனிஞ்சு அவ அடுப்பைத் தொட்டுப் பாத்தாரு, சுட்டுட்டு, விரலை வாயில வச்சுக்கிட்டே எழுதும் செயலாளரேன்னாரு. எழுதுனேன். என்ன செய்ய? விதின்னா விதிதான். நான் நேர்மையான ஆளு.

வரியை வாங்குனோமே தவிர, வரி குடுத்தவங்க கூட்டத்துக்கும் வருவாங்கன்னு எங்க ஒருத்தன் மண்டைக்கும் உரைக்கல, அண்ணாச்சி. கூட்டத்தன்னைக்குச் சாயங்காலம் கோயில் முன்னால நாங்க துண்டை விரிச்சு உக்காந்திருக்கோம். வாராங்க பாரும். குளிச்சு, பூ வச்சு, கல்யாணத்துக்குப் போற மாதிரி. வந்து எங்க முன்னால வரிசையா உக்காந்துட்டாங்க. தங்கபுஷ்பம் எந்திரிச்சா. கூட்டத்துல பேசிப் பழக்கமே இல்லாதவ, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டா. சரக்கு ஏலம் வேண்டாம், கொட்டகையைப் பிரிக்கணும், கை தூக்கச் சொல்லுங்கன்னா. வேற பேச்சே கிடையாது. நானா இருந்தா அரைமணி நேரம் பேசியிருப்பேன்.

பொம்பளைக்குக் கை ஏதுன்னு ரெண்டு பேரு கத்துனான். அப்போ வாங்குன வரியைத் திருப்பித் தாங்கன்னா அவ. தலைவர் வில்லுப்பாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. கத்துனவங்களையே உக்காரச் சொல்லிட்டாரு. சரி, அப்போ அரை வரிக்காரங்களுக்கு அரைக் கையாவது வேணும்லான்னு இவ ஆரம்பிச்சா. நாங்க மனசுக்குள்ள கணக்குப் போட்டோம். புருசனும் பெண்டாட்டியும் வீட்டுக்கு வீடு சரிக்குச் சரி. பெண்டாட்டி இல்லாத ஆம்பளைங்க தலைவரோட சேத்து மூணு பேரு, அது எங்களுக்குக் கூட. புருசன் இல்லாதவங்க அஞ்சு பேரு, அரை அரையாப் போட்டாலும் ரெண்டரை. ஜெயிச்சாச்சு. தூக்கிக்கிடட்டும், தூக்கிக்கிடட்டும்னு பெரிய மனசு பண்ணி விட்டுட்டோம்.

அந்த அஞ்சு பேரும் கை தூக்குனதை நீரு பாத்திருக்கணும். அரைக் கைதானேன்னு முழங்கையை மடக்கி, உள்ளங்கையைத் தோள் உயரத்துக்கு மட்டும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, சாமி சிலை மாதிரி. மொதல்ல ஒரு பிள்ளை சிரிச்சுது. பொறவு பொம்பளைங்க. பொறவு ஆம்பளைங்க. நானும் சிரிச்சுக்கிட்டேதான் எண்ணுனேன். எண்ணி முடிச்சேன், சிரிப்பு நின்னுட்டு. ஆம்பளைங்க பக்கம் அரைக் கை குறையுது.

ஒருத்தன் கையை எண்ணலை. யாருன்னு ஊரே தேடுது. என் கை, அண்ணாச்சி. எண்ணுதவன் நான்தானே, நான் எங்க தூக்க? நான் தூக்குனா நாங்க அரைக் கை கூட. ஏலம் நடக்கும். தூக்கலைன்னா கொட்டகை போச்சு. "செயலாளரே, கையைத் தூக்கும்"னு தலைவர் சொன்னாரு. எல்லா மூஞ்சியும் என்னைப் பாக்குது. தங்கபுஷ்பம் மட்டும் பாக்கல. அவ இந்துமதியைப் பாத்துக்கிட்டு இருக்கா. நானும் பாத்தேன். கூட்டத்துக்கு வெளிய எம்பொண்ணு நிக்கா. அப்பன் என்ன செய்வான்னு அவளுக்குத் தெரியும் போல, தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

எம்பொண்ணு என்னால தலை குனியுதது இது ரெண்டாவது தடவை. அதை வெளியில சொல்லுவேனா? கஞ்சி வடிக்கும்போது கையைச் சுட்டுக்கிட்டேன், தூக்க முடியல, வலிக்குன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். சுட்டது நெசம்தான். இடக்கை. தூக்க வேண்டியது வலக்கைதான், அதை எவனும் அன்னைக்குக் கவனிக்கல. பிற்பாடு ஜெயக்கொடி கேட்டான், அடிக்கப் போயிட்டேன்.

அரைக் கையில ஜெயிச்சாங்க. பொம்பளைங்க குலவை போட்ட போடுல கோயில் மணியே கேக்கல. அன்னைக்கே கொட்டகையைப் பிரிச்சு ஓலையை ஆளுக்குக் கொஞ்சமா அடுப்பெரிக்கக் கொண்டு போயிட்டாங்க. நானும் குடியை விட்டுட்டேன். ஆமா, மன உறுதிதான். டவுனுக்கு நடக்கணும்லா, முழங்கால் ஒத்துழைக்கல. ஆவணியில இந்துமதிக்குக் கல்யாணம். அதே இடம், அதே மாப்பிள்ளை. கொட்டகை போன சங்கதி கேட்டு அந்த அம்மாவே தேடி வந்தாங்க. நான் தாம்பாளத்துலேருந்து தூரமா நின்னுதான் கும்பிட்டேன்.

இனிமேதான் என் மனக்குறை. கேளும். ஜெயிச்சாச்சே, இனி அடுப்பைச் சேத்துக்கிடலாம்லான்னு அவகிட்டக் கேட்டேன். சேத்துக்கிடலாம், ஒரு வீட்டுக்கு ரெண்டு அடுப்பு எரிக்க வெறகுக்கு எங்க போக, ஒண்ணை அணைச்சிருவோம், உங்களதை அணையுங்கன்னா. வரி என் பேருல இருக்கட்டும், சோறு நான் பொங்கித் தாறேன், கையை நான் தூக்கிக்கிடுதேன்னா. அண்ணாச்சி, அன்னைக்கு அவ வாளைமீன் கொழம்பு வச்சிருந்தா. நான் யோசிச்சுப் பாத்தேன். கை தூக்குதது வருசத்துக்கு ரெண்டு தடவை, பசி ஒரு நாளைக்கு மூணு தடவை. வரியும் அவதான் கட்டப் போறா. நல்லா ஏமாந்தாளேன்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு ஒரு செம்புத் தண்ணியை ஊத்தி என் அடுப்பை அணைச்சேன். என்னைப் பாத்து ஜெயக்கொடி அணைச்சான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஊர்ல முக்காவாசி ஆம்பளை அணைச்சுட்டான். எல்லாரும் பெண்டாட்டிமாரை ஏமாத்திட்டோம்னு டீக்கடையில ஒரே சிரிப்பு.

போன மாசம் கூட்டம். புதுச் செயலாளர் தங்கபுஷ்பம். சும்மா சொல்லப்படாது, அந்த எடத்துல உக்காந்திருக்கும்போது அவ அழகு. புளியமர ஏலத்தைப் பத்திப் பேச்சு வந்துது. தப்புத் தப்பாப் பேசுதாங்க. இத்தனை வருசம் ஏலம் விட்டவன் நான், எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லுவோம்னு கையைத் தூக்குனேன். வரி இல்லாதவங்க பேசப்படாது, தூரமா நின்னு கேட்டுக்கிடலாம்னாங்க. யாருகிட்ட? எங்கிட்ட! அந்த ஊர்லயே பொறந்து, வளந்து, அந்த அம்மனையே கும்பிடுத மனுசனைப் பாத்து, உனக்கு வாய் கிடையாதுன்னா என்ன அர்த்தம்? எங்களைப் பத்தி எங்களைக் கேக்காமலே முடிவு எடுப்பாங்களாம், நாங்க ஓரமா நின்னு தலையாட்டணுமாம். இப்பிடி ஒரு அநியாயம் எந்த ஊர்லயாவது உண்டுமா? எந்த மடையன் போட்ட சட்டம் இது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

மறுபடி அடுப்பு மூட்டலாம்தான். யோசிச்சேன். அரிசி களையணும், கஞ்சி வடிக்கணும். அது ஒரு வழியாத் தெரியல. ஆம்பளைங்களுக்கும் கூட்டத்துல கை வேணும்னு யாராவது ஒருத்தரு எந்திரிச்சு நியாயம் கேட்டாத்தான் உண்டு. அணைச்ச எங்களுக்குத்தான் எந்திரிக்க உரிமை இல்லையே, அடுப்பு எரியுத மிச்சப் பேருக்கு அந்தக் கவலை இல்ல. அதான் நேத்து சாப்பிடும்போது தங்கபுஷ்பத்துக்கிட்டயே சொல்லியிருக்கேன், எங்களுக்காக நீ கொஞ்சம் பேசுன்னு. பேசுதேன்னிருக்கா. அவ பேசுனா நடக்கும், அண்ணாச்சி.